டெய்ரி மில்க்: 120 வயதான ஒரு சாக்லேட்டின் வாழ்க்கைச் சுழற்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வணிகவியல், பிபிஏ, எம்பிஏ மாணவர்களும் சொந்தமாகச் சாக்லேட் செய்து விற்பவர்களும் பொருளின் வாழ்க்கைச் சுழற்சி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. பெரும்பாலான பதில்களுக்கு ஒரே பிராண்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: கேட்பரி டெய்ரி மில்க். பெட்டிக்கடையிலும் ஏர்போர்ட்டிலும் கிடைக்கிற பொருள் என்பதால், படிப்பதை நீங்களே நேரில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பொருளின் வாழ்க்கைச் சுழற்சி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து அதன் விற்பனையைக் கோடாக வரைந்தால், முதலில் மெதுவாக ஏறும். பிறகு வேகமாக ஏறும். ஒரு கட்டத்தில் தட்டையாகி, கடைசியில் இறங்கும். அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று இந்த நான்குக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். தியடோர் லெவிட் 1965இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மார்க்கெட்டிங் வகுப்புகளில் இது நிலைத்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இருக்கும் அந்த வளைவு எல்லோருக்கும் தெரியும். அது எப்போது பொய்த்துப்போகிறது என்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

எத்தனையோ சாக்லேட் இருக்க, ஏன் டெய்ரி மில்க்?

1905இல் வந்த பொருள் இது. பாடப்புத்தக வளைவின்படி எப்போதோ சரிந்திருக்க வேண்டும். ஆனால் இந்தியச் சாக்லேட் சந்தையில் பாதிக்கும் மேலானதை இன்றும் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் முதன்மைப் பொருள் இதுதான். இந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் சாக்லேட்டின் அடிப்படைச் சுவை பெரிதாக மாறவில்லை. மாறியது வேறு. அதை யார் சாப்பிடுகிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள், எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் மாறிக்கொண்டே வந்தது. முதிர்ச்சிக் கட்டத்தில் உள்ள ஒரு பிராண்ட் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் போகும்.

அறிமுகக் கட்டத்தில் அது எப்படி இருந்தது?

ஜான் கேட்பரி 1824இல் பர்மிங்ஹாமில் ஒரு கடை திறந்து தேயிலை, காபி, குடிக்கும் சாக்லேட் ஆகியவற்றை விற்றார். அவருடைய மகன்கள் 1879இல் நகருக்கு வெளியே போர்ன்வில் தொழிற்சாலையைக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் பால் சாக்லேட் என்றால் சுவிட்சர்லாந்துதான். டேனியல் பீட்டர் 1875இலேயே அங்கே பால் சாக்லேட் செய்துவிட்டார். கேட்பரி 1897இல் பால் பவுடர் சேர்த்து ஒரு சாக்லேட்டை இறக்கியது. அது சொரசொரவென்று இருந்தது, எடுபடவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, பவுடருக்குப் பதில் நிறையப் பாலையே சேர்த்துச் செய்ததுதான் டெய்ரி மில்க்.

மாணவர்கள் பலர் அறிமுகக் கட்டம் என்றால் 1905இல் தொடங்குவதாக எழுதுகிறார்கள். 1897இன் தோல்வியையும் சேர்த்து எழுதுங்கள். முதல் முறை தோற்ற பொருளிலிருந்து எதைக் கற்றார்கள் என்பது அறிமுகக் கட்டத்தின் முக்கியமான பகுதி. இரண்டாவது முயற்சி பலித்தது. 1914 வாக்கில் அந்த நிறுவனத்தில் அதிகம் விற்கும் பொருள் அதுவாகிவிட்டது. 1928இல் "ஒவ்வொரு அரை பவுண்டிலும் ஒன்றரை கிளாஸ் பால்" என்ற விளம்பர வாசகம் வந்தது. சாக்லேட்டைத் தின்பண்டம் என்று மட்டும் சொல்லாமல் ஊட்டமான உணவு என்று சொன்ன வாசகம் அது. இன்றும் உறையில் இரண்டு கிளாஸ்களிலிருந்து பால் ஊற்றும் படம் இருக்கிறது, பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரில் விற்பனை சரிந்ததாமே? அது சரிவுக் கட்டமா?

இல்லை. பாலைச் சாக்லேட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு 1941இல் தடுத்ததால் டெய்ரி மில்க் தயாரிப்பே நின்றது. கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் செய்த "ரேஷன் சாக்லேட்" அதன் இடத்துக்கு வந்தது. இனிப்புகளுக்கான ரேஷன் 1953 வரை நீடித்தது. வாங்க ஆள் இருந்தும் பொருள் இல்லாமல் விற்பனை விழுவது வேறு. பொருள் குவிந்திருந்தும் வாங்க ஆள் இல்லாமல் விழுவது வேறு. இரண்டாவதுதான் சரிவுக் கட்டம்.

இந்தியாவுக்கு வந்தபோது சுழற்சி முதலிலிருந்து தொடங்கியதா?

ஆமாம். ஒரே பொருள் ஒரே சமயத்தில் ஒரு நாட்டில் முதிர்ச்சியிலும் இன்னொரு நாட்டில் அறிமுகத்திலும் இருக்கலாம். தேர்விலும் இதைக் கேட்பார்கள். கேட்பரி 1948இல் இந்தியாவில் சாக்லேட்டை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் அப்போது டெய்ரி மில்க் 40 வயது தாண்டிய பொருள். இங்கே அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

இங்கே இரண்டு பெரிய தடைகள் இருந்தன. ஒன்று வெயில். கோகோ வெண்ணெய் நம் உடல் சூட்டை நெருங்கும்போதே உருகிவிடும். வாயில் போட்டதும் கரைகிற சுகம் அதனால்தான் கிடைக்கிறது. ஆனால் சென்னையில் மே மாதம் அந்தச் சுகம் கடை அலமாரியிலேயே நடந்துவிடும். இரண்டாவது, மூலப்பொருள். கோகோ இங்கே விளையவில்லை. 1965இல் கேட்பரி வயநாட்டில் கோகோ சாகுபடியை ஊக்குவிக்கத் தொடங்கியது. பிறகு கேரள வேளாண் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ரகங்களில் ஆராய்ச்சியும் நடந்தது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கோகோ நிற்பதைப் பார்க்கலாம். ஒரு பிராண்ட் அறிமுகக் கட்டத்தில் செலவழிப்பது விளம்பரத்துக்கு மட்டும் இல்லை. விளைநிலம் வரை போக வேண்டியிருக்கிறது. லாபம் வரப் பல ஆண்டுகள் ஆவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1990களில் என்ன சிக்கல் வந்தது? அந்தக் கிரிக்கெட் விளம்பரத்தை ஏன் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள்?

அதற்குள் டெய்ரி மில்க் இந்திய நகரங்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஆகிவிட்டது. ஆனால் அது பிள்ளைகள் தின்னும் பொருள். அப்பா வேலையிலிருந்து வரும்போது வாங்கி வருவார், பிள்ளை சாப்பிடும், அப்பா சாப்பிட மாட்டார். பெரியவர் ஒருவர் தெருவில் நின்று சாக்லேட் தின்றால் கூச்சப்படும் காலம். அப்படியானால் சந்தைக்கு ஓர் எல்லை வந்துவிட்டது. சாக்லேட் வாங்கித் தர வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேரோ அவ்வளவுதான் விற்கும். வளைவு தட்டையாகும் இடம் இதுதான்.

நிறுவனம் இங்கே மூன்றில் ஒன்றைச் செய்திருக்கலாம். விலையைக் குறைத்திருக்கலாம், பிள்ளைகளை இன்னும் அதிகம் தின்ன வைத்திருக்கலாம், தின்னும் ஆட்களைக் கூட்டியிருக்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1990களின் முற்பாதியில் ஓகில்வி விளம்பர நிறுவனத்தின் பியூஷ் பாண்டே எழுதிய விளம்பரம் வந்தது. மட்டையாளர் 99 ரன்னில் நிற்கிறார். பந்தைத் தூக்கி அடிக்கிறார், எல்லைக்கோட்டருகே பிடிபடுமோ என்று ஒரு கணம் பதற்றம். சிக்ஸர்! பார்வையாளர் வரிசையில் டெய்ரி மில்க் சாப்பிட்டுக்கொண்டிருந்த பூப்போட்ட உடைப் பெண், காவலரை ஏமாற்றிவிட்டு மைதானத்துக்குள் ஓடி, யார் பார்த்தால் என்ன என்று ஆடுகிறாள்.

அந்த விளம்பரத்தில் சாக்லேட்டின் தரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, விலை இல்லை, பால் இல்லை. வளர்ந்த ஒரு பெண் கூச்சமே இல்லாமல் சந்தோஷப்படுகிறாள், அவள் கையில் சாக்லேட் இருக்கிறது, அவ்வளவுதான். பெரியவர்கள் சாக்லேட் தின்னலாம் என்று அறிவுரை சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓர் ஆட்டத்தில் அந்தக் கூச்சத்தை உடைத்துவிட்டார்கள். இந்திய விளம்பர வரலாற்றில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

2021இல் அதே காட்சியை ஆண், பெண் இடம் மாற்றி எடுத்தார்கள். மட்டை பிடிப்பவர் பெண், மைதானத்துக்குள் ஓடி ஆடுபவர் ஆண். பழைய விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதற்குள் பெற்றோர் ஆகியிருந்தார்கள். முதிர்ந்த பிராண்டுக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு சொத்து இது. புதிதாக வந்த போட்டி நிறுவனம் எத்தனை கோடி கொட்டினாலும் நினைவுகளை வாங்க முடியாது.

"ஸ்வீட் எடு கொண்டாடு" என்பதும் அதே உத்தியா?

அடுத்த படி. பெரியவர்கள் சாக்லேட் தின்னத் தொடங்கியாயிற்று, ஆனால் எப்போதாவதுதான். இந்தியாவில் சாக்லேட்டின் உண்மையான போட்டியாளர் இன்னொரு சாக்லேட் இல்லை, இனிப்புக்கடை. தேர்வில் பாஸானால் லட்டு, சம்பளம் வந்தால் மைசூர்பா, பெண் பார்க்கப் போனால் ஒரு கிலோ ஜாங்கிரி. அந்த இடம் கிடைத்தால் சந்தை பல மடங்கு பெருகும்.

அதனால் 2000களில் டெய்ரி மில்க் விளம்பரங்கள் ஒவ்வொரு வேளையாக, அதாவது இனிப்பு சாப்பிடும் ஒவ்வொரு சந்தர்ப்பமாகக் குறிவைத்தன. தேர்வு முடிவு ஒன்று, மாதத்தின் முதல் தேதிச் சம்பளம் இன்னொன்று. 2010இல் நல்ல காரியம் தொடங்கும் முன் ஒரு வாய் இனிப்பு என்ற வடநாட்டு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு. இந்தியில் "குச் மீட்டா ஹோ ஜாயே", தமிழில் "ஸ்வீட் எடு கொண்டாடு". சாக்லேட் என்ற சொல்லே வாசகத்தில் வராததைக் கவனியுங்கள். தங்களைச் சாக்லேட் வகையிலிருந்து எடுத்து இனிப்பு வகைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலான கதைகள் வடநாட்டு வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டு, தமிழில் குரல் மட்டும் மாற்றப்பட்டவை. ரக்ஷா பந்தனுக்கு அண்ணன் தங்கைக்குச் சாக்லேட் பெட்டி கொடுக்கும் விளம்பரம் மதுரையில் யாருக்கும் ஒட்டாது. நம் ஊரில் சாக்லேட்டுக்கு வேறொரு வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பிறந்தநாளன்று பிள்ளை கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுப்பது, ஆசிரியருக்கு மட்டும் இரண்டாகக் கொடுப்பது. அதையொட்டித் தமிழிலேயே ஒரு கதை யோசித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஒரே நாட்டுக்குள்ளும் வேளைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதை உங்கள் ப்ராஜெக்ட்டில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அதைவிட, அது உண்மை.

2003இல் புழு இருந்ததாகப் பிரச்சினை வந்ததே, அதற்குப் பிறகு எப்படி மீண்டார்கள்?

2003 அக்டோபரில், தீபாவளிக்குச் சில வாரம் இருக்கும்போது, மும்பையில் டெய்ரி மில்க்கில் புழு இருந்ததாகப் புகார் வந்தது. மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சரக்கைப் பறிமுதல் செய்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறும்போது சாக்லேட் நன்றாகத்தான் இருக்கிறது, கடைகளில் சரியாக வைக்காததால் புழு வந்தது என்று நிறுவனம் முதலில் சொன்னது. அது உண்மையாகவே இருந்தாலும், பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் தாயிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. ஆண்டில் அதிகம் விற்க வேண்டிய பண்டிகைக் காலத்தில் விற்பனை விழுந்தது.

பிறகு செய்தது சரி. விளம்பரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். "விஸ்வாஸ்" என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கி, கடைக்காரர்களுக்குச் சாக்லேட்டை எப்படிச் சேமிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2004 தொடக்கத்தில் உறையையே மாற்றினார்கள். முன்பு காகிதத்துக்குள் மடித்து வைத்த அலுமினியத் தாள், அதில் இடுக்கு வழியே பூச்சி நுழைய முடியும். புதிய உறை காற்றுப் புகாமல் சூட்டில் ஒட்டப்பட்டது. செலவு கூடியும் விலையை ஏற்றவில்லை. அதற்குப் பிறகுதான் அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்து, தான் நம்புவதாகச் சொன்னார்.

இந்த வரிசைதான் பாடம். முதலில் உறையை மாற்றாமல் பச்சனை மட்டும் கொண்டுவந்திருந்தால் அவர் பெயரும் சேர்ந்து கெட்டிருக்கும். குறையைத் தீர்த்துவிட்டுப் பேசியதால் ஜனங்கள் நம்பினார்கள். சில மாதங்களில் விற்பனை திரும்பியது. ஆக, இதுவும் சரிவுக் கட்டம் இல்லை, நெருக்கடி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, விற்பனை விழுந்த உடனே பொருளை நிறுத்தும் நிறுவனங்கள் நல்ல பொருளையே கொன்றுவிடும்.

இங்கிலாந்திலும் 2006இல் சால்மொனெல்லா கிருமி காரணமாகக் கேட்பரி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாக்லேட்டுகளைத் திரும்பப் பெற்றது, மறு ஆண்டு நீதிமன்றம் 10 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. அதே 2007இல்தான் டிரம்ஸ் வாசிக்கும் கொரில்லா விளம்பரம் வந்து உலகப் புகழ் பெற்றது.

அப்படியானால் உண்மையான சரிவு எப்படி இருக்கும்?

அதே நிறுவனத்திலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. ஃபியூஸ் என்ற சாக்லேட் 1996இல் இங்கிலாந்தில் பெரும் ஆரவாரத்தோடு வந்தது. முதல் வாரத்திலேயே 4 கோடி விற்றதாகச் சொன்னார்கள். பத்தே ஆண்டில், 2006இல், நிறுத்திவிட்டார்கள். வேகமான ஏற்றம் நீண்ட ஆயுளுக்கு உத்தரவாதம் தராது. முதல் முறை வாங்குபவர்களை விளம்பரம் கொண்டுவரும், இரண்டாம் முறை வாங்குவதற்கு ஒரு பழக்கமோ வேளையோ வேண்டும்.

விஸ்பா கதை இதற்கு நேரெதிர். 1981இல் சோதனை விற்பனை, 1983இல் நாடு முழுவதும், 2003இல் நிறுத்தம். பிறகு ஃபேஸ்புக்கில் ரசிகர்கள் கூட்டம் சேர்த்துக் கேட்க, 2007இல் தற்காலிகமாகவும் 2008இல் நிரந்தரமாகவும் திரும்பி வந்தது. பாடப்புத்தக வளைவில் செத்த பொருளுக்கு மறுபிறவி கிடையாது. சந்தையில் உண்டு.

சில்க், ஃப்ரூட் அண்ட் நட் போன்றவை தனிப் பொருளா, டெய்ரி மில்க்கின் நீட்சியா?

மூன்று அடுக்காகப் பிரித்துப் பாருங்கள். சாக்லேட் என்பது வகை. பால் சாக்லேட் என்பது அதில் ஒரு வடிவம். டெய்ரி மில்க் என்பது பிராண்ட். வகைக்குச் சுழற்சி மிக நீளம், நூற்றாண்டுகள். வடிவத்துக்கு ஓரளவு நீளம். தனித்தனிச் சுவைகளுக்கு மிகக் குறுகல். பிராண்டுக்கு மட்டும் நிலையான வயது கிடையாது. 2010இல் இந்தியாவுக்கு வந்த சில்க், டெய்ரி மில்க் என்ற பெயரை வைத்துக்கொண்டே விலை கூடிய, வழுவழுப்பான ஒரு படியை உருவாக்கியது. காதலர் தினத்துக்கு அதைப் பொருத்திவிட்டார்கள். கீழ்ப்படியில் 5 ரூபாய், 10 ரூபாய்ப் பாக்கெட். வாங்குபவர் சம்பளம் உயர்ந்ததும் வேறு பிராண்டுக்குப் போகாமல் அதே பெயரின் மேல்படிக்குப் போகிறார்.

இதற்கு வேறு வழியும் உண்டு. ஜப்பானில் நெஸ்லே, கிட்கேட்டை 300க்கும் மேற்பட்ட சுவைகளில் இறக்கியிருக்கிறது. சுவைகள் வந்து போகும், பெயர் நிற்கும்.

விலை ஏறாமல் 5 ரூபாயிலேயே நிற்பது எப்படி?

எடை குறைகிறது. 5, 10, 20 என்ற நாணயக் கணக்கில் பழகிய வாடிக்கையாளரிடம் 6 ரூபாய் கேட்டால் கடைக்காரருக்குச் சில்லறைத் தொல்லை, வாங்குபவருக்கு எரிச்சல். எனவே கிராமைக் குறைப்பார்கள். பிற நாடுகளிலும் இதே கதைதான். 2016இல் பிரிட்டனில் டாப்ளரோன் என்ற சாக்லேட்டின் முக்கோணங்களுக்கு நடுவே இடைவெளியை அகலமாக்கி எடையைக் குறைத்தபோது பெரும் கூச்சல் எழுந்தது.

2024இல் இந்த நெருக்கடி உச்சம் தொட்டது. உலகக் கோகோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மழை பொய்த்தது, மரங்களை வைரஸ் நோய் தாக்கியது. நெடுங்காலமாக டன்னுக்கு 2,000, 3,000 டாலர் என்றிருந்த விலை அந்த ஆண்டு 12,000 டாலரைத் தாண்டியது. எவ்வளவு முதிர்ந்த பிராண்டாக இருந்தாலும் அதன் லாபம் ஆப்பிரிக்காவின் ஒரு மழைக்காலத்தில் தொங்குகிறது. எடையைக் குறைப்பது சட்டப்படி சரிதான், உறையில் அச்சிட்டுவிடுகிறார்கள். ஆனாலும் குறைத்ததை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தைத்தான் நான் மதிப்பேன்.

விநியோகத்துக்கு இதில் என்ன பங்கு?

பாடப்புத்தகங்கள் ஒரு பத்தியில் முடித்துவிடும். இந்தியாவில் சாக்லேட்டுக்கு இதுதான் உயிர். அண்ணாச்சி கடை கல்லாவுக்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு சின்னக் குளிர்பெட்டி இருக்கும், பார்த்திருப்பீர்கள். நிறுவனம் கொடுத்தது. வெயிலில் உருகாமல் காக்கிறது, விளம்பரப் பலகையாகவும் இருக்கிறது. கல்லா அருகே வேறு கம்பெனி சரக்கு உட்கார இடமும் இல்லாமல் செய்கிறது. ஒரே பெட்டியில் மூன்று வேலை. சாக்லேட் பெரும்பாலும் திட்டமிட்டு வாங்கும் பொருள் இல்லை, மீதிச் சில்லறை வாங்கும்போது கண்ணில் பட்டு வாங்குவது. எனவே எந்த விளம்பரத்தையும்விட அந்த ஓர் அடி இடத்துக்கு மதிப்பு அதிகம்.

தொழிற்சாலையும் விநியோகத்தோடு சேர்ந்ததுதான். சென்னைக்கு வடக்கே, தடா பக்கம் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் 2016இல் பெரிய ஆலையைத் திறந்தார்கள். தென் மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்ப வசதியான இடம்.

ஊதா நிறம் அவர்களுக்கு மட்டும் சொந்தமா?

அந்தக் குறிப்பிட்ட ஊதாவை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய பிரிட்டனில் முயன்றார்கள், நெஸ்லே எதிர்த்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்பரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022இல் உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்கு ஓரளவு சாதகமான தீர்ப்பு கிடைத்தது. சட்டம் என்ன சொன்னாலும் நம் மனத்தில் அந்த நிறம் யாருடையது என்பதில் சந்தேகமில்லை.

கேட்பரி இப்போது யாருடையது? அது சுழற்சியைப் பாதித்ததா?

2010இல் அமெரிக்காவின் கிராஃப்ட் ஃபுட்ஸ் வாங்கியது. 2012இல் கிராஃப்ட் இரண்டாகப் பிரிந்தபோது தின்பண்டப் பிரிவு மாண்டலீஸ் ஆனது. இந்திய நிறுவனத்தின் பெயரும் 2014இல் மாறியது. உறையில் கேட்பரி என்ற பெயரை மாற்றவில்லை, அதனால் வாங்குபவர் கவனிக்கவே இல்லை.

ஷாருக் கான் விளம்பரத்தில் அப்படி என்ன புதுமை?

கொரோனாவால் சிறு கடைகள் நொடித்திருந்த நேரம். 2021 தீபாவளிக்கு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஷாருக் கானின் முகத்தையும் குரலையும் பயன்படுத்தி, எந்தக் கடைக்காரரும் தன் கடைப் பெயரை அவர் சொல்வதுபோல ஒரு விளம்பரம் செய்துகொள்ள வழி கொடுத்தார்கள். தெருமுனைத் துணிக்கடைக்கும் ஷாருக் கான் விளம்பரத் தூதர். மறு ஆண்டு பிரான்சின் கான் (Cannes) நகரில் நடந்த விளம்பர விழாவில் டைட்டானியம் விருது கிடைத்தது. முதிர்ந்த பிராண்ட் தன்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி, தன்னை விற்கும் கடைகளைப் பற்றிப் பேசியது. அதனால்தான் அது மனத்தில் நின்றது என்று நினைக்கிறேன்.

இந்தக் கோட்பாட்டுக்கு விமர்சனங்கள் உண்டா?

நிறைய. 1976இல் தல்லா, யூஸ்பே என்ற இருவர் அதே ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் இந்தக் கோட்பாட்டையே மறந்துவிடுங்கள் என்று எழுதினார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: விற்பனை குறைந்ததும் மேலாளர் சரிவுக் கட்டம் வந்துவிட்டது என்று முடிவு கட்டி விளம்பரத்தை வெட்டுகிறார், வெட்டியதால் விற்பனை மேலும் விழுகிறது, பார்த்தீர்களா சொன்னேனே என்கிறார். வளைவு காரணம் ஆவதில்லை, நாம் எடுக்கும் முடிவுகளின் விளைவு அது. தேர்வில் நான்கு கட்டங்களை எழுதிவிட்டு இதையும் இரண்டு வரி எழுதுங்கள்.

கோகோ பறிப்பவர்களின் நிலை பற்றிப் பேசாமல் சாக்லேட் மார்க்கெட்டிங் பேசலாமா?

கூடாது. இது இன்று வந்த கேள்வியும் இல்லை. போர்ச்சுகல் ஆண்ட சாவோ டோமே தீவில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்கள் விளைவித்த கோகோவைக் கேட்பரி வாங்குகிறது என்று 1908இல் ஒரு லண்டன் நாளிதழ் எழுதியது. கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது, 1909இல் வென்றது. ஆனால் ஜூரி கொடுக்கச் சொன்ன நஷ்டஈடு ஒரே ஒரு ஃபார்திங், ஒரு பென்னியில் நாலில் ஒரு பங்கு. நிறுவனம் அந்தத் தீவில் வாங்குவதை நிறுத்தி இன்றைய கானாவுக்கு மாறியது. நேர்மைக்குப் பெயர்போன குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துக்கே அந்த நிலை. மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை இன்னும் தீரவில்லை. சந்தோஷத்தை விற்கும் எந்தப் பிராண்டும் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நான் வீட்டில் சாக்லேட் செய்து விற்கிறேன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தும், அளவுதான் வேறு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஹோம்மேட் சாக்லேட் விற்பவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு வேளை இருக்கிறது: சுற்றுலா போய்த் திரும்புபவர் அக்கம்பக்கத்துக்கு வாங்கிப்போவது. அதனால்தான் அத்தனை கடைகள் பிழைக்கின்றன. சிக்கல், எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருப்பது. ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ, ஆனைமலைப் பக்கம் சோக்லெட் போன்றவை வேறு வழி பிடித்தன. நம் ஊர்க் கோகோக் கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்து, எந்தத் தோட்டம் என்பதைச் சொல்லி விற்கின்றன.

நீங்கள் புதிதாகத் தொடங்கினால் இருபது சுவையோடு தொடங்காதீர்கள். இரண்டு போதும். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவை எடுத்துவிடுங்கள், தயாரித்த தேதியை அச்சிடுங்கள், உறையில் காற்றுப் புகாமல் பாருங்கள். யார் திரும்ப வந்து வாங்குகிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். வளைகாப்பு, புதுமனை புகுவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று ஒரு வேளை தானாகக் கண்ணில் படும். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ப்ராஜெக்ட்டுக்குத் தகவல் எங்கே சேகரிப்பது?

இணையத்தில் கிடைக்கும் வளைவுப் படத்தை ஒட்டாதீர்கள். உங்கள் தெருவில் ஒரு பெட்டிக்கடை, ஒரு மளிகைக்கடை, ஒரு சூப்பர் மார்க்கெட் மூன்றுக்கும் போங்கள். எந்த அளவுப் பாக்கெட் அதிகம் போகிறது, எந்த மாதம் குறைகிறது, எந்தச் சுவையைக் கடைக்குச் சரக்குப் போட லைனில் வருபவர் இப்போது கொண்டுவருவதில்லை என்று கேளுங்கள். வராமல் போன சுவைதான் உங்கள் சரிவுக் கட்டத்துக்கு உதாரணம். கடைக்காரர் சும்மா இருக்கும் பிற்பகல் நேரமாகப் பார்த்துப் போங்கள். போனதும் ஏதாவது வாங்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.